ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர்

பெர்லினுக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு காலை, உளுந்தைக் கிரைண்டரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். துணிமணியைக் குறைத்துக்கொண்டு ஊரிலிருந்து பெட்டியில் தூக்கி வந்த டேபிள் டாப். மாவு பொங்கி வருகிற நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. கீழ்வீட்டுப் பாட்டி. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "சோன்டாக்." ஞாயிற்றுக்கிழமையாம்.

'ரூஹெட்சைட்', அதாவது அமைதி நேரம், என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறும் அரசு விடுமுறையும் நாள் முழுக்க அப்படித்தான். டிரில் போடக்கூடாது, தெருமுனைத் தொட்டியில் காலி பாட்டில் போடுவதுகூடத் தப்பு. ஞாயிறு ஓய்வு ஜெர்மனியின் பழைய 1919 வைமர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, இப்போதைய 1949 அரசியல் சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேரே அலற, அதிலேயே தூங்கி வளர்ந்தவன் நான்.

சட்டம் தெரிந்ததும் எனக்கும் கொஞ்சம் திமிர் வந்தது. மேல்வீட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தடதடவென்று நடை, நாற்காலியை இழுக்கிற சத்தம். பழைய கட்டடம், மரத்தளம். ஆபீஸ் நண்பர் 'லெர்ம்ப்ரோட்டோகோல்', அதாவது சத்தக் குறிப்பு, எழுதச் சொன்னார்: தேதி, மணி, எவ்வளவு நேரம், என்ன சத்தம். வாடகையைக் குறைக்கக் கேட்பதானால் இந்தக் கணக்குதான் ஆதாரம். பன்னிரண்டு நாள் விடாமல் எழுதினேன். எடுத்துப் படித்தால் எல்லா வரியும் ஒரே மாதிரி. 4.10, 4.12, 4.10. பத்து நிமிடம், அப்புறம் வாசற்கதவு. கும்மாளம் போடுகிறவன் கணக்கா இது? எவனோ வேலைக்குக் கிளம்புகிறான். நடப்பது, குளிப்பதெல்லாம் அன்றாடச் சத்தம், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதே இங்கே கோர்ட்டுகளின் போக்கு என்று அதே நண்பர் பிறகு சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

மேல்வீட்டுக்காரரைப் படிக்கட்டில் பார்த்தபோது கேட்டேன். பேக்கரியில் வேலையாம். அவருக்கும் அரைகுறை ஜெர்மன், எனக்கும் அரைகுறை. நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டுகிற கம்பளி வில்லைகள் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அன்றே ஒட்டிவிட்டார் போல, நாற்காலி ஓய்ந்துவிட்டது. நடை இன்னும் கேட்கிறது.

கிரைண்டர் இப்போது சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேல், பழைய யோகா மேட்டை நாலாக மடித்து அதன்மேல்.