தொட்டால்தான் குற்றமா?

ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் போவதும் பேச முயல்வதும் குற்றம். அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அப்படித்தான். 2013-இல் இதை இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 354டி என்று சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. தொட்டிருக்க வேண்டும், அடித்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் இப்படித் தொந்தரவுக்கு ஆளான தோழியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது முதல் கேள்வியே "கையைப் பிடிச்சானாம்மா?" என்பதுதான். நள்ளிரவு மெசேஜ்கள், புதுப்புது நம்பர்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கூப்பிட்டு எச்சரிச்சு எழுதி வாங்கிடறோம், கேஸ்னா உங்க பேரும்தானே வெளிய வரும்" என்று சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எழுதி வாங்கிய தாள் அவளைக் காப்பாற்றாது. புகார் கொடுத்தது அவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அப்புறம் ஒன்று: "தொந்தரவு செய்யாதே" என்று நீங்கள் அனுப்பிய மெசேஜை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், வேண்டாம் என்று காட்டியதற்கு அது சான்று.