ஏழு பேருக்கு ஒரு கேக்: வெஸ்ட் பாயின்ட்டில் பிளீப் வாழ்க்கை

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கோடையில் பல வாரம் புழுதியில் புரண்டு, கடைசியில் துப்பாக்கியும் மூட்டையுமாகச் சுமார் 12 மைல் நடந்து விடுதிக்குத் திரும்புவார்கள். ‘பீஸ்ட்’ என்று அவர்கள் அழைக்கும் அடிப்படைப் பயிற்சி அத்தோடு முடிகிறது. வீட்டுக்குப் போன் போட்டு, "கஷ்டமெல்லாம் முடிஞ்சுது" என்று சொல்பவர்கள் உண்டு. பாவம்.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரியும். பீஸ்டில் சுற்றிலும் புதியவர்கள், அவர்களை மேய்க்கச் சில சீனியர்கள். ஆகஸ்டில் கல்லூரி முழுதாகத் திரும்பியதும் அந்த விகிதம் அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. மாணவர்களை ‘கம்பெனி’ எனப்படும் 36 படைப்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 120 பேர். அதில் முப்பது பேர்தான் பிளீப் எனப்படும் முதலாண்டுக்காரர்கள். மீதித் தொண்ணூறு பேருக்கும் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, பிளீப்பைத் திருத்தும் உரிமையும் இருக்கிறது.

காலையில் முதல் வேலை, மனிதக் கடிகாரமாக நிற்பது. விடுதி நடைபாதையில் கடிகாரத்துக்குக் கீழே விறைப்பாக நின்று, அணிவகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம், உடை இன்னது, காலை உணவு இன்னது என்று கூவ வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு மறுபடி, கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு மறுபடி. அறைக்கு அறை கடிகாரம் இருக்கிறதே என்று யாரும் கேட்பதில்லை. இதில் நேரத்தைவிட உடைதான் ஆளைக் கவிழ்க்கும். மழைக்கோட்டு உண்டா இல்லையா என்பது கடைசி நேரத்தில் மாறும். பழைய அறிவிப்பையே கூவிவிட்டால், கம்பெனியில் பாதிப் பேர் கோட்டோடும் பாதிப் பேர் இல்லாமலும் இறங்கி வருவார்கள். கூவியது யார் என்று விசாரிக்கவே தேவையில்லை, குரல் எல்லாருக்கும் தெரியும்.

வெளியே நடப்பதற்கும் இலக்கணம் உண்டு. கை லேசாக மூடிய முஷ்டி, பார்வை நேரே, நடை வேகம், பக்கத்தில் நண்பனே வந்தாலும் பேச்சில்லை. எதிரே வரும் சீனியருக்கு மட்டும் பெயர் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். பெயர்ச்சீட்டு அவர் மார்பில்தான் இருக்கிறது, ஆனால் கண் அங்கே இறங்கக் கூடாது. ஆகவே பிளீப்புகள் முகத்தை அல்ல, நடையையும் உயரத்தையும் வைத்து ஆளை அடையாளம் காணப் பழகுகிறார்கள். முப்பது அடி தூரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். கிட்டே வந்த பிறகு யோசித்தால் வாயில் வருவது அநேகமாக அவருடைய அறைத்தோழர் பெயராக இருக்கும்.

சட்டையைச் செருகுவது இரண்டு ஆள் வேலை. கால்சட்டையைத் தளர்த்திக்கொண்டு ஒருவர் நிற்பார். இன்னொருவர் பின்னால் நின்று, சட்டையின் இரு பக்கத் தையலையும் பிடித்து, மிச்சத் துணியை முதுகுப் பக்கமாக இழுத்துத் தட்டையாக மடித்துப் பிடிப்பார். அந்தப் பிடி விடுவதற்குள் முன்னவர் பெல்ட்டை இறுக்க வேண்டும். சரியாக அமைந்தால் முன்பக்கம் ஒரு சுருக்கம் இருக்காது. அப்புறம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தூக்கினால் மடிப்பு கலைந்துவிடும். ஆனால் ராணுவத்தில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கத்தானே வேண்டும்? நாலு அதிகாரிகளைக் கடந்து வகுப்புக்குப் போகிற பிளீப்புக்கு வலது பக்கச் சட்டை மட்டும் பொம்மென்று உப்பியிருப்பதற்குக் காரணம் இதுதான். சட்டை நுனியிலிருந்து காலுறைக்கு எலாஸ்டிக் பட்டை மாட்டினால் நிற்கும். மாட்டியவர் உட்கார்ந்து எழும்போது முகம் போகிற போக்கைப் பார்த்தால், உப்பினால் உப்பட்டும் என்று தோன்றும்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான போர்க்களம் வாஷிங்டன் ஹால் என்ற உணவுக்கூடம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே நேரத்தில், பத்துப் பத்துப் பேராக மேசையில் அமர்ந்து, அரை மணிக்குள் சாப்பிட்டு எழுந்துவிடுகிற இடம். மேசையின் கடைக்கோடியில் பிளீப்புகள் உட்காருவார்கள். ஒருவர் குளிர்பானப் பொறுப்பு, ஒருவர் காபி, தேநீர், இன்னொருவர் உணவுத் தட்டுகள். குளிர்பானக்காரருக்கு யாருக்கு ஐஸ் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கெடுபிடி கூடும் குறையும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கேக் வெட்டும் கதைகள் மட்டும் எந்தத் தலைமுறை பட்டதாரியைக் கேட்டாலும் கிடைக்கும்.

வழக்கப்படி நடைமுறை இது. இன்றைய இனிப்பு இன்னது என்று பிளீப் அறிவித்து, வேண்டாதவர் யார் என்று கேட்க வேண்டும். மூன்று பேர் வேண்டாம் என்றால் மீதி ஏழு பேர். ஏழு சமத் துண்டுகளாக வெட்டி, மேசைத் தலைவரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். எட்டு என்றால் குழந்தைகூட வெட்டிவிடும். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. ஆறும் பத்தும் சமாளிக்கலாம். ஏழுதான் எமன். ஒரு துண்டுக்கு 51 பாகைக்குக் கொஞ்சம் கூட, முடிவில்லாத தசமம்.

விவரம் தெரிந்த பிளீப்புகள் கேக்கைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்வார்கள். ஏழு துண்டென்றால் கத்தி விழ வேண்டிய நிமிடங்கள் 0, எட்டரை, 17, ஏறக்குறைய 26, 34, 43, ஐம்பத்தொன்றரை. ஒன்பது என்றால் பன்னிரண்டு, நாலு, எட்டு மணிக்கு மூன்று வெட்டுப் போட்டு, ஒவ்வொன்றையும் மூன்றாக்கினால் போதும். இன்னும் கெட்டிக்காரர்கள் தடித்த பிளாஸ்டிக் தாளில் வட்டம் வரைந்து, ஐந்திலிருந்து பத்து வரை எல்லாக் கோணங்களையும் குறித்து வைத்துக்கொள்வார்கள். கேக் சிறிதா பெரிதா என்பது பிரச்சினையே இல்லை, கோணம் மாறாது.

கவிழ்ப்பது கோணமல்ல, நடுப்புள்ளி. 23 சென்டிமீட்டர் அகலக் கேக்கில் நடுப்புள்ளி ஒரே ஒரு சென்டிமீட்டர் விலகினால், எதிரெதிர்த் துண்டுகளில் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் பெரிதாகிவிடும். கோணத்தைத் தசமம் வரை பார்த்தவர் நடுப்புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாக வைத்து மாட்டிக்கொள்வது சகஜம். ஆகவே முதலில் குறுக்கும் நெடுக்குமாக அளந்து நடுவில் கத்தி நுனியால் ஒரு குத்து, பிறகு விளிம்பில் ஏழு சிறு கீறல், அப்புறம்தான் வெட்டு. ஒற்றைப்படை எண்ணுக்கு விளிம்பிலிருந்து விளிம்புக்கு இழுக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியேதான் இழுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைக்காவிட்டால், கிரீம் ஒட்டி, துண்டின் மூக்கு பிய்ந்து வரும். செர்ரிப் பழம் அடைத்த ‘பை’ பலகாரம் வந்த நாளில் எந்தச் சூத்திரமும் செல்லாது. உள்ளே இருப்பது வழிந்து சமத்துவத்தைத் தானே நிலைநாட்டிவிடும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே மேசைத் தலைவர், "பசு எப்படி இருக்கிறது?" என்று கேட்கலாம். நடக்கிறது, பேசுகிறது என்று தொடங்கும் நீண்ட பழைய விடையை ஒப்பித்து, பாலின் பெருமையை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்துகிறோம் என்று முடிக்க வேண்டும். அந்த எண், மேசையில் மிச்சமிருக்கும் பால் எத்தனை டம்ளர் என்பது. வளாகத்தைப் பற்றியும் கேள்வி வரும். அங்குள்ள குல்லம் ஹால் என்ற கட்டடத்தில் எத்தனை விளக்கு என்றால் 340. லஸ்க் நீர்த்தேக்கம் மதகு வழியும்போது எவ்வளவு கொள்ளும் என்றால் 7.8 கோடி காலன். விளக்கும் நீர்த்தேக்கமும் அசையாமல் நிற்கின்றன, படித்தால் வந்துவிடும். பால் அப்படியல்ல. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் யாராவது ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டுவிடுவார்கள்.

மனப்பாடப் பகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அப்போதைய கல்லூரித் தலைவர் ஜெனரல் ஸ்கோஃபீல்டு 1879 ஆகஸ்ட் 11 அன்று இதே மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் ஒரு பத்தி. கடுமையும் கொடுமையுமான நடத்தை ஒரு படையை உருவாக்குவதைவிட அழிப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்கிறது அது. இதைத் தப்பில்லாமல் ஒப்பிக்கச் சொல்லி எத்தனை தலைமுறை பிளீப்புகளின் முகத்துக்கு நேரே கத்தியிருப்பார்கள்! 1990 வாக்கில் பழைய முறையை மாற்றி, கெடுபிடிகளைக் குறைத்தார்கள். பத்தியை யாரோ பொருள் புரிந்து படித்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் படிப்பும் இருக்கிறது. முதலாண்டில் குத்துச்சண்டை கட்டாயம், 2016 முதல் பெண்களுக்கும். காலையில் மூக்கில் வாங்கிக்கொண்டு அடுத்த மணியில் கணக்கு வகுப்பு. சிறு வகுப்பு, தினமும் பலகைக்குப் போய் எழுதிக் காட்டியாக வேண்டும், ஒளிந்துகொள்ளப் பின்வரிசையே கிடையாது. தூக்கம் வந்தால் எழுந்து பின்னால் நிற்கலாம். நின்றுகொண்டே தூங்கும் கலை அங்கேதான் கைவருகிறது.

தேர்வு தேறாது என்று தெரிந்துவிட்டால் கடைசி வழி ஜெனரல் செட்ஜ்விக். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864-இல் ஸ்பாட்சில்வேனியாவில் மாண்டவர், வளாகத்தில் சிலையாக நிற்கிறார். நள்ளிரவில் முழு அணிவகுப்பு உடையில், துப்பாக்கியோடு போய், குதிரையைத் தூண்டச் சிலையின் காலணிக் குதிகாலில் மாட்டியிருக்கும் முள் சக்கரங்களைச் சுழற்றிவிட்டால் தேர்வில் தேறலாம் என்பது நம்பிக்கை. நேர்த்திக்கடன் மாதிரிதான், மொட்டைக்குப் பதில் பித்தளைப் பொத்தான். அந்த உடையை மாட்டி முடிக்கும் நேரத்தில் ஒரு பாடமே திருப்பிப் பார்த்துவிடலாம் என்று சொன்னால் எந்த பிளீப்பும் கேட்பதில்லை.

ஆண்டின் கடைசியில் ஒரு நாள் சீனியர்கள் வரிசையாகக் கைகொடுத்து, தங்கள் முதற்பெயரைச் சொல்லி அறிமுகமாகிறார்கள். அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடலாம், நடைபாதையில் நின்று அரட்டையும் அடிக்கலாம். தொண்ணூறு குடும்பப் பெயர்களை நடையை வைத்தே கண்டுபிடிக்கக் கற்றவர்கள், இப்போது தொண்ணூறு முதற்பெயர்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். முதல் வாரம் பெரும்பாலோர் "சார்" என்றே தொடங்கி, பாதியில் விழுங்கி, "மைக்" என்று முடிக்கிறார்கள். சமயத்தில் அவர் மைக்கின் அறைத்தோழராக இருப்பார்.