மூடுபனி முடியும் இடம்

ஜூலை மாதம், காலை ஒன்பது மணி. கலிஃபோர்னியாக் கடற்கரையில் பாயின்ட் ரேயஸ் கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் படிக்கட்டின் மேலே நிற்கிறோம். கலங்கரை விளக்கம் கண்ணில் படவில்லை. பத்தாவது படிக்குக் கீழே எல்லாமே வெள்ளை. எங்கோ கீழே அலையடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. மாமா துண்டைத் தலையோடு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என்ன பாப்பா, கோடைன்னு சொல்லித்தான கூட்டியாந்த? மார்கழி மாதிரில்ல இருக்கு."

காரில் 12 டிகிரி காட்டியது. மாமாவுக்காக ஃபாரன்ஹீட்டை செல்சியஸுக்கு மாற்றி வைத்திருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. தேனிப் பக்கம் வனக்காப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, வனவராக ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க ஃப்ரீமான்ட் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கோல்டன் கேட் பாலம், கடைத்தெரு, கோயில் எல்லாம் பார்த்தாயிற்று. "டிவியில வருஷா வருஷம் தீ எரியுறதக் காட்டுறாங்களே, அந்தக் காட்டக் காட்டு" என்றார். கடற்கரையில் தொடங்கி, மலை தாண்டி, சாக்ரமென்டோ பள்ளத்தாக்கைக் கடந்து பாரடைஸ் ஊர் வரை போய்த் திரும்ப இரண்டு நாள் திட்டம் போட்டேன். கையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் எடுத்துக்கொண்டேன். கலங்கரை விளக்கத்தருகே அது 94 சதவீதம் காட்டியது.

மாமாவிடம் வேறொரு கருவி இருந்தது. கீழே கிடக்கும் சுள்ளியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். லிமன்டூர் சாலையோரம் பிஷப் பைன் மரத்தடியில் ஒன்றை எடுத்து வளைத்தார். அது ஒடியாமல் நார் நாராகப் பிரிந்தது. "இது எரியாது" என்றார்.

எரிந்த காடுதான் அது. 1995 அக்டோபரில், கூடாரம் போட்டவர்கள் சரியாக அணைக்காமல் விட்டுப்போன தீ ஒன்று மவுன்ட் விஷன் மலையிலிருந்து இறங்கி 12,000 ஏக்கருக்கு மேல் தின்றது. இன்வர்னஸ் பக்கம் 45 வீடுகள் போயின. பிஷப் பைனின் காய்கள் பல வருடம் இறுக மூடியே இருக்கும். தீயின் சூட்டில்தான் நன்றாக வெடித்து விதையைக் கொட்டும். அதனால்தான் அங்கே ஒரே வயது மரங்கள் விளக்குமாற்றுக் குச்சிபோல நெருக்கியடித்து நிற்கின்றன.

"இம்புட்டு ஈரத்துலயா?" என்று மாமா நம்பாமல் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் மீதிப் பயணம் முழுவதும்.

இந்தக் கடற்கரையில் கோடையில் வடமேற்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். அது மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதைத் தொடும் காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதற்கு மேலே, பசிபிக் கடலின்மேல் நிற்கும் உயர் காற்றழுத்தப் பகுதியிலிருந்து இறங்கும் வெப்பமான, காய்ந்த காற்று பானைக்கு மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. சில நூறு மீட்டர் உயரத்துக்குமேல் மூடுபனியால் ஏற முடியாது. உள்நாட்டுச் சமவெளி சூடேறும்போது அங்கே காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்ப, மலைத்தொடரில் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே கடற்காற்று நுழையும். பெடலுமா கேப் அப்படி ஒரு சந்து. அந்த வழியாகத்தான் நாங்களும் உள்ளே போனோம்.

கடற்கரையிலிருந்து பெடலுமா முக்கால் மணி நேரம்தான். அதற்குள் 12 டிகிரி 25 ஆகிவிட்டது. ஒரு வளைவில் மூடுபனி கத்தியால் நறுக்கியதுபோல முடிந்து, அடுத்த வளைவில் நீல வானமும் வைக்கோல் நிறக் குன்றுகளும் வந்தன. அந்தக் குன்றுகளைப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. ஆனால் அந்தத் தங்கநிறம் செத்த புல்லின் நிறம். அதில் பெரும்பகுதி ஐரோப்பியரோடு வந்த மத்தியதரைக் கடல் நாட்டுக் காட்டு ஓட்ஸும் அதன் உறவுகளும். குளிர்கால மழையில் முளைத்து, மே மாதம் காய்ந்து, அக்டோபர் வரை தீக்குச்சியாக நிற்கும். சாலையோரம் வரிசையாக தைல மரங்கள் வந்ததும் மாமா ஊட்டியையே பார்த்ததுபோல் நிமிர்ந்தார். பட்டை உரிந்து அடியில் குவிந்து கிடந்தது. 1991 அக்டோபரில் ஓக்லண்ட் குன்றுகளில் 25 பேர் இறந்த தீயில் இந்த மரமும் எரிபொருளானது என்று சொன்னேன்.

"கோடையில ஒரு மழை கூடவா பெய்யாது?" என்று கேட்டார்.

பெய்யாது மாமா. நம் ஊரில் மாசி பங்குனியில் காடு காய்ந்தாலும் சித்திரையில் ஒரு கோடை மழை வந்து தணிக்கும், பின்னாலேயே சாரல். இங்கே வெயில்காலமும் மழையில்லாக் காலமும் ஒன்றேதான். அதிலும் ஆபத்தான நாட்கள் கோடையின் கடைசியில்தான் வரும். ஐந்தாறு மாத வறட்சி கட்டைக்குள் இறங்கிய பிறகு.

சாந்தா ரோசாவில் காஃபி பார்க் குடியிருப்புக்குள் காரை மெதுவாக ஓட்டினேன். அழகான வீடுகள், பூந்தொட்டிகள், சைக்கிளில் குழந்தைகள். எதையும் நான் சொல்லவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் மாமாவே கேட்டார்: "மரமெல்லாம் ஏன் இம்புட்டுச் சின்னதா இருக்கு?"

2017 அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகா அருகே பற்றிய டப்ஸ் தீ, மலைகளைத் தாண்டி விடிவதற்குள் இங்கே வந்துவிட்டது. நடுவில் ஆறு வழி நெடுஞ்சாலை இருக்கிறது. அதைத் தீ தாண்டவில்லை, கங்குகள் தாண்டின. 22 பேர் இறந்தார்கள், 5,600-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 1964-லும் ஹேன்லி தீ என்று ஒன்று ஏறக்குறைய இதே வழியில் வந்திருக்கிறது. அப்போது வழியில் வீடுகள் குறைவு.

மாமாவின் காலைக் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருந்தது. இலையுதிர்காலத்தில் நெவாடாப் பக்கம் குளிர்ந்த, கனத்த காற்று குவிந்து உயரழுத்தம் உண்டாகும். அது மலைகளைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரியும். கீழே இறங்க இறங்கக் காற்று அழுந்தும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடேறும், ஈரப்பதம் சரியும். இந்தப் பகுதியில் அதற்கு டயாப்லோ காற்று என்று பெயர். அது வீசும்போது மூடுபனி கடலுக்குள் துரத்தப்படும். காலையில் எங்களைப் போர்த்தியிருந்த ஈரம் அன்றைக்கு இருக்காது. பாயின்ட் ரேயஸ் 1995-இல் எரிந்ததும் வடகிழக்குக் காற்றில்தான்.

கலிஸ்டோகாவைத் தாண்டி செயின்ட் ஹெலெனா மலைச்சாலையில் ஏறி மிடில்டவுனில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. 39 டிகிரி, ஈரப்பதம் 13. வேர்க்கவே இல்லை, வேர்வை வருவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. மாமா சுள்ளியை எடுத்தார். 'டப்' என்று முறிந்து ஒரு துண்டு தெறித்தது. "இது எரியும்."

இங்குள்ள தீயணைப்புக்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். எரிபொருளை மணிக்கணக்கில் பிரிக்கிறார்கள். புல் 'ஒரு மணி நேர' எரிபொருள், விரல் மொத்தச் சுள்ளி 'பத்து மணி நேரம்', பெரிய கட்டை 'ஆயிரம் மணி நேரம்'. சுற்றியுள்ள காற்று மாறினால் அந்தப் பொருளின் ஈரம் மாற எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கணக்கு. எடை தெரிந்த பைன் குச்சிகளை வெயிலில் வைத்து நிறுத்துப் பார்க்கும் வழக்கமே உண்டு. இதைச் சொன்னதும் மாமா முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். முப்பது வருட அனுபவத்துக்கு யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல இருந்தது.

இரவு காப் மலையில், 800 மீட்டர் உயரத்தில், ஒரு மர வீட்டில் தங்கினோம். 2015 செப்டம்பர் 12-இல் இங்கே தொடங்கிய வேலி தீ, நான்கு வருட வறட்சியில் காய்ந்த பைன் காட்டை அள்ளிக்கொண்டு மிடில்டவுன் வரை போனது. 76,000 ஏக்கர். இப்போது கருத்த நெடுமரங்களுக்கு நடுவே முழங்கால் உயரம் முதல் ஆள் உயரம் வரை புதர்.

மலை என்பதால் குளிரும் என்று போர்வை கேட்டு வாங்கினேன். தேவைப்படவில்லை. நள்ளிரவில் வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 22. அதே நேரம் கீழே மிடில்டவுனில் 16 என்று போன் காட்டியது. இரவில் குளிர்ந்த காற்று கனத்தால் பள்ளத்துக்கு வழிந்துவிடுகிறது. மலையின் நடுச்சரிவு அதற்கு மேலே, வெப்பக் காற்றுக்குள் நிற்கிறது. அந்தச் சூடான நடுச்சரிவில் தீ இரவெல்லாம் தூங்காது. மாமா வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்லயும் ராத்திரி பள்ளத்துல அடங்கிரும், நடுமலையில மட்டும் வரிசையா விளக்கு வச்ச மாதிரி எரியும். ஏன்னு யாரும் சொன்னதில்ல" என்றார்.

மறுநாள் கிளியர் ஏரி ஓரமாக நெடுஞ்சாலை 20-இல் கிழக்கே போனோம். ஏரி அழகுதான், ஆனால் சுற்றிய மலைகளில் எரியாத முகம் தேட வேண்டியிருந்தது. இந்த ஏரிக்கு வடக்கே 2018 ஜூலையில் ஒருவர் குளவிக்கூட்டை அடைக்க இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தார். தெறித்த பொறி 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மனிதரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. புல் அந்த நிலைமையில் இருந்த நாளில் எந்தப் பொறியும் போதும்.

மலை இறங்கியதும் கொலூசா. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். 41 டிகிரி வெயிலில் தண்ணீர் கட்டிய வயல். விமானத்திலிருந்து விதை தூவுவார்கள் என்றதும் மாமா காரை நிறுத்தச் சொல்லி வரப்போரம் போய்ப் பயிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு அந்த ஐந்து நிமிடம் அவசியமாக இருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பாரடைஸ் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் நீண்ட முதுகுபோன்ற மேட்டில் இருக்கிறது. 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணிக்கு ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய மின்கம்பியின் தேய்ந்த கொக்கி அறுந்து தீ பிடித்தது. வடகிழக்குக் காற்று, மே மாதத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும் மழை இல்லை. எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் கங்கு விழுந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஊரைவிட்டு இறங்கும் சாலைகள் சில மட்டுமே. அவற்றில் கார்கள் நின்றுபோயின. இப்போது புது வீடுகள் எழும்பியிருக்கின்றன. நடுநடுவே வாசல்படியும் கார் வழியும் மட்டும் உள்ள காலி மனைகள்.

மாமா ஒரு காலி மனையின் முன்னால் நின்றார். அதே 2018-இல், மார்ச் மாதம், குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயது. மாமா அப்போதே ஓய்வு பெற்றிருந்தார்; ஆனால் அந்தச் சரிவு அவர் நடந்து தேய்ந்த சரிவு. "காஞ்ச புல்லு, செங்குத்து மலை, கீழருந்து காத்து. தீ ஏறும்போது மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது பாப்பா" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

திரும்பும் வழியில் நான்தான் பேசினேன், கொஞ்சம் கோபமாகவே. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நம்மவர்கள் பலர் தங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து வானிலை முடிவு செய்கிறார்கள். ஃப்ரீமான்டிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இதமாக இருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்மலைக்குக் கூடாரம் போடக் கிளம்பிவிடுகிறார்கள். ரெட் ஃபிளாக் எச்சரிக்கை என்பது வெப்ப எச்சரிக்கை இல்லை. காய்ந்த காடு, குறைந்த ஈரப்பதம், பலமான காற்று சேரும் நாள். அது 20 டிகிரியிலும் வரும், நள்ளிரவிலும் வரும். போகும் இடத்துக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். கடற்கரைக்காரர்களும் பாருங்கள்: 2020 ஆகஸ்ட் அனல் அலையின்போது மழையில்லா மின்னல் விழுந்து, மூடுபனியைக் குடித்து வளர்ந்த பிக் பேசின் ரெட்வுட் மரக் காடே எரிந்தது. அடுத்த மாதம் 9-ஆம் தேதி நடுப்பகலில் எங்கள் தெருவிளக்குகள் அணையவில்லை. வானம் முழுக்க ஆரஞ்சு நிறம். மூடுபனிக்கு மேலே புகை போர்த்தியிருந்ததால் கீழே நாற்றம்கூட இல்லை, குளிர்தான் இருந்தது. அன்று என் மகள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

சாக்ரமென்டோவில் மாலை ஆறு மணிக்கு 38. ஏழரைக்கு கார்கினெஸ் நீரிணைப் பாலத்தில் ஏறும்போது 21. கடற்காற்று உள்நாட்டுக்குள் நுழையும் பெரிய வாசல் இதுதான். இங்கே நுழையும் டெல்டா காற்றுதான் அன்றிரவு சாக்ரமென்டோவைக் குளிர்விக்கப் போகிறது. தொலைவில் குன்றுகளின்மேல் மூடுபனி பால் பொங்குவதுபோல வழிந்துகொண்டிருந்தது. மாமா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையைக் காற்றுக்கு எதிராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மேக்கருந்து வருது. அக்டோபர்ல கெழக்கருந்து வரும்னு சொன்னியே."

"ஆமா மாமா."

"அப்ப நான் ஊர்ல இருப்பேன். கெழக்குக் காத்து வீசுற அன்னிக்குப் போன் போடு, என்ன மணியா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மறுபடி காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.