கட்டைவிரல் எந்தப் பக்கம்?

குழந்தைகளின் கை அச்சுப் படங்களில் என் கண் முதலில் தேடுவது கட்டைவிரலைத்தான். அச்சை மயிலாக்கியிருக்கிறார்களா மீனாக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் பிறகு. விரல்கள் மேல்நோக்கி இருக்கும்படி தாளைப் பிடித்தால், கட்டைவிரல் இடப்புறம் உள்ள அச்சு வலக்கையுடையது. பெரும்பாலும் ஆசிரியர் தூரிகையோடு காத்திருக்க, குழந்தை நீட்டிய கை அது. கட்டைவிரல் வலப்புறம் இருந்தால் இடக்கை. வலக்கையில் ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொண்டு குழந்தை தனக்குத் தானே வண்ணம் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். (இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடுவார்கள், அது வேறு.)

அர்ஜென்டினாவின் படகோனியாப் பகுதியில் கைகளின் பெயரையே தாங்கிய குகை ஒன்று இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாறையில் கையை வைத்து, சுற்றிலும் வண்ணத்தை ஊதி எடுத்த உருவங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் உள்ளன. 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை கொண்டவையும் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இடக்கைகள். ஊதும் குழாயை வலக்கையில் பிடித்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த படங்களை நின்று பார்த்தேன். வரிசையாக வலக்கைகள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கை அச்சு என்றாலே எங்களுக்குள் ஒரு வேகம் வந்துவிடும். ஒருவர் பூசுவார், ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துத் தாளில் அழுத்துவார், ஒருவர் கழுவ அனுப்புவார். பிறகு ஆசிரியரே கண் வரைந்து, அலகு ஒட்டி, தோகைக்குப் பொட்டு வைப்பார். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் குழந்தைக்கு இருந்த வேலை ரப்பர் ஸ்டாம்புக்கு இருக்கும் வேலைதான்.

ஸ்பாஞ்சைக் குழந்தையிடமே கொடுத்தால் எல்லாம் மெதுவாகிவிடும், உண்மை. தூரிகை என்றால் "மிஸ், கூசுது!" என்று சட்டென விரலை மடக்கிக்கொள்வார்கள், தானே ஸ்பாஞ்சால் ஒற்றும்போது அவ்வளவு கூச்சம் இருப்பதில்லை. தட்டில் போஸ்டர் கலரை ஊற்றி வைக்காமல் மெல்லிய படலமாகத் தடவி வைப்பேன். வண்ணம் தடித்தால் கை வழுக்கும், ரேகைகள் எல்லாம் குழம்பிப்போகும். அக்ரிலிக்கைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை, காய்ந்தால் துணியை விட்டுப் போகாது. தாளின் நான்கு மூலைகளையும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையோடு தாளும் எழுந்து வரும். நாற்காலிகளை ஓரம் கட்டிவிடுவேன். நின்றபடி அழுத்தும்போது உடம்பின் எடை தானாகவே கைக்கு இறங்குகிறது, நாம் மேலிருந்து அமுக்க வேண்டியதில்லை. பெயரை முதலிலேயே தாளின் மூலையில் எழுதிவிட வேண்டும். ஈரமான முப்பது கைகளில் யாருடையது எது என்று பெற்றவர்களாலும் சொல்ல முடியாது.

உள்ளங்கையின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு விழும். அங்கே பள்ளம் இருப்பதால் தாளைத் தொடாது. அதை நிரப்பத்தான் பெரியவர்கள் புறங்கையை அமுக்குகிறார்கள். எனக்கு அந்தத் திட்டு பிடிக்கும். ஒரு குழந்தை அதைக் காட்டி, "மிஸ், இங்க மட்டும் ஏன் என் கை இல்ல?" என்று கேட்டாள். உடனே வகுப்பு மொத்தமும் கையைக் குவித்தும் விரித்தும் பள்ளத்தைத் தேட ஆரம்பித்தது. அன்றைக்கு மீன் முடியவில்லை.

இன்னொன்று: மறுபடி வண்ணம் பூசாமல் அதே கையால் வைக்கும் இரண்டாவது அச்சு. முதலாவதில் அப்பிக்கொண்ட மிகுதி போய்விடுவதால் ரேகைகள், விரல் மடிப்புகள் எல்லாம் இதில்தான் தெளிவாக விழும். முதல் அச்சோடு கையைக் கழுவ அனுப்பிவிட்டால் இது கிடைக்காது. குழந்தைகளுக்கும் ஒன்றோடு நிறுத்த மனம் வராது. வண்ணம் தீரும்வரை "இன்னொண்ணு" தான்.

ஈர வண்ணத்தைத் தொடவே விரும்பாத குழந்தை எல்லா வகுப்பிலும் இருக்கும். "ஒண்ணும் ஆகாதுடா கண்ணா" என்று கையை இழுத்துப் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பென்சிலால் கையைச் சுற்றி வரைந்துகொள்ளட்டும், அல்லது ஒரு விரல் நுனியோடு நிறுத்தட்டும். குகையில் இருப்பவையும் பெரும்பாலும் வண்ணம் தோய்ந்த கைகள் அல்ல, கையைச் சுற்றி விழுந்த வண்ணம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். நினைவுப் பரிசு என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழந்தையின் கையை முக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். நீர் சேர்ந்து இறுகும்போது அது சூடாகும். கெட்டியான குழம்பில் 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகலாம். இறுகிவிட்டால் கையை வெளியே எடுக்கவும் முடியாது. மாவும் உப்பும் நீரும் பிசைந்த உருண்டையைத் தட்டி அதில் கையைப் பதித்தால் போதும்.

மயில் இப்போதும் செய்கிறோம். விழா வந்தால் சுவருக்கு மயில் வேண்டும், பெற்றோருக்கும் வீட்டில் மாட்ட ஏதாவது வேண்டும். அதில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. முதல் அச்சு அதற்குப் போகிறது. இரண்டாவதைக் கண், மூக்கு எதுவும் வரையாமல், தேதியோடு குழந்தையின் கோப்பில் வைக்கிறேன். பின்பக்கத்தில் அது என்ன என்று குழந்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெற்றோர் சந்திப்பில் ஆண்டின் தொடக்கத்து அச்சையும் முடிவில் எடுத்ததையும் அருகருகே வைத்தால், எல்லோரும் விரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் அளக்கிறார்கள். "திருப்பிப் பாருங்க, என்ன சொல்லியிருக்கான்னு படிங்க" என்று நான்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.