மலைக்கு மலை மனிதர்கள்

ஆப்பிரிக்கா என்றால் பரந்த வெளி, அங்கங்கே நாலு வீடு என்று எண்ணியிருக்கும் உறவினர்களுக்கு ருவாண்டாவைப் புரியவைப்பது கடினம். நாட்டின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர்தான். 2022 கணக்கெடுப்பின்படி அதற்குள் 1 கோடியே 32 லட்சம் பேர் இருக்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இத்தனை நெருக்கமாக மக்கள் வாழும் நாடு வேறில்லை. கணவரின் வேலைக்காகக் கிகாலிக்குக் குடிவந்தபோது என்னை முதலில் திகைக்க வைத்தது இந்த நெருக்கம்தான். தலைநகரை விட்டு எவ்வளவு தூரம் பஸ்ஸில் போனாலும் சாலையோரம் நடந்துபோகும் மனிதர்களின் வரிசை அறுபடுவதில்லை. குன்றின் உச்சிவரை வாழை, பீன்ஸ், மரவள்ளி. நடுநடுவே தகரக் கூரைகள். சும்மா கிடக்கும் நிலம் என்று எதையும் காட்ட முடியாது.

அந்த வரிசையில் பெரும்பாலும் இளைஞர்களும் பிள்ளைகளும்தான். மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். நரைத்த தலைகள் குறைவாக இருப்பதற்குப் பிறப்பு விகிதம் மட்டும் காரணமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச்சை அங்கே கொண்டுபோவதில்லை. 1994இல் டூட்ஸி இனத்தவருக்கு எதிராக நடந்த இனப்படுகொலையில் நூறு நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அரசு சொல்கிறது. அடையாள அட்டையில் இப்போது இனத்தைக் குறிப்பதில்லை. நீங்கள் எந்தப் பிரிவு என்று யாரையும் கேட்கக் கூடாது. சொந்த ஊர், சாதி, குலம் என்று விசாரித்தே பழகிய நமக்கு இந்த நாவடக்கம் நல்ல பயிற்சி.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் ருவாண்டாவின் சுகாதாரத்தைப் பற்றி எழுதினால் ட்ரோன்களில்தான் தொடங்கும். 2016 முதல் அவை மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன என்பது உண்மைதான், பார்க்கவும் அழகுதான். ஆனால் என் மதிப்பில் இந்த நாட்டின் பெரிய சாதனை தரையில் நடந்துபோகிறது. எங்கள் வீட்டில் உதவிக்கு இருக்கும் பெண்ணின் ஊர் தெற்கு மாகாணத்தில் ஒரு குன்றின் மேல். ஒரு ஞாயிறு அவளோடு போயிருந்தபோது அவள் அக்காவின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி எங்கே என்று நான் பரபரத்துக் கேட்டேன். அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று வீடு தள்ளிப் போனார்கள். தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கைகழுவி வந்து, விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து மலேரியா சோதனை செய்து, மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் எழுதினார். மேற்கையில் வண்ண நாடாவைச் சுற்றிச் சத்துக்குறைவு இருக்கிறதா என்றும் பார்த்தார்.

இவர்களை ‘உமுஜ்யனாமா’ என்பார்கள். ஊர்க்காரர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த, பயிற்சி பெற்ற தொண்டர்கள். மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலையின் அளவைப் பார்த்து அவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் வருகிறது. நாட்டில் பதினாலாயிரத்துக்கு மேல் கிராமங்கள், ஒவ்வொன்றிலும் இப்படிச் சிலர். 2000ஆம் ஆண்டில் ஆயிரம் குழந்தைகளில் 196 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2019-20இல் நடந்த தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் அது 45. தடுப்பூசி, கொசுவலை, காப்பீடு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இருந்தாலும் களை பறித்த அந்தக் கைக்குத்தான் என் முதல் வணக்கம்.

மருத்துவக் காப்பீட்டை ‘மித்துவேலி’ என்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்டுகின்றன. பரம ஏழைகளுக்காக அரசு கட்டுகிறது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை கடைகளை மூடிவிட்டு எல்லோரும் ‘உமுகண்டா’ என்ற பொதுப்பணிக்கு மண்வெட்டியோடு போகிறார்கள். பணி முடிந்ததும் கூட்டம். யார் மித்துவேலி கட்டவில்லை என்பதும் அங்கே பேச்சில் வரும். நானும் போவதுண்டு. சுத்தமான தெருவும் பயமில்லாத இரவும் இப்படித்தான் கிடைக்கின்றன என்று புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டங்களில் எழுந்து நின்று மறுத்துப் பேசிய ஒருவரையும் நான் கண்டதில்லை. டீக்கடை அரசியலில் வளர்ந்தவளுக்கு அது கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்கிறது.

2024 செப்டம்பர் இறுதியில், எபோலாவைப் போல நோயாளியைத் தொடுவதால் தொற்றக்கூடிய மார்பர்க் வைரஸ் பரவியபோது அதே கட்டுப்பாடு வேறுவிதமாகத் தெரிந்தது. இங்கே யாரைக் கண்டாலும் கைகுலுக்கி, தோளணைத்து, நலம் கேட்டு முடிக்க நேரமாகும். ஒரே வாரத்தில் கைகள் எல்லாம் நெஞ்சுக்குப் போய்விட்டன. நோய் கண்ட 66 பேரில் 15 பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். டிசம்பர் 20 அன்று நோய் ஓய்ந்ததாக அறிவித்தார்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று உண்டு. இவ்வளவு பச்சையான நாட்டில், அதே 2019-20 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அந்தக் குன்றில் நாலு வயது என்று நான் நினைத்துக் கொஞ்சிய சிறுமிக்கு ஆறு வயது. தட்டில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பீன்ஸும் நிறைய இருக்கின்றன. கோழி இடும் முட்டை சந்தைக்குப் போய்விடுகிறது, பள்ளிச் சீருடைக்கு அதுதான் காசு. பெரும்பாலான குடும்பங்களின் நிலம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. அதையும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்?

இந்தக் கணக்கைப் பெண்கள் தெளிவாகப் போட்டுவிட்டார்கள். 2005இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள்; 2019-20இல் நான்கு. எங்கள் வீட்டுப் பெண்ணின் அம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள். “எனக்கு இரண்டு போதும், மடாம். எங்கள் அப்பாவின் நிலத்தில் என் அண்ணன்களுக்கே வரப்பு போட இடமில்லை” என்கிறாள். கருத்தடை ஊசியை மூன்று வீடு தள்ளி இருக்கும் அதே அம்மாள் போட்டுவிடுவாராம். கணவன் மட்டும் மூன்றாவதாக ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்கிறான். வார விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அந்த வாதத்தின் அடுத்த கட்டத்தைச் சமையலறையில் எனக்குச் சொல்கிறாள். இதுவரை அவள் பக்கம்தான் வலுவாக இருக்கிறது.