இல்லாத தேவாலயத்தில் ஒரு மதியம்

மாக்கோனிலிருந்து பஸ் பிடித்து க்ளூனியில் இறங்கியதும் கண்கள் கோபுரத்தைத் தேடின. வீட்டுக் கூரைகளுக்கு மேலே எண்கோணமாக ஒன்று தெரிந்தது. இவ்வளவுதானா என்று சப்பென்று ஆகிவிட்டது.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். 910-இல் இங்கே ஒரு மடம் தொடங்கியது. 1088-இல் மடத்தலைவர் ஹியூ கட்டத் தொடங்கிய தேவாலயத்தின் நீளம் 187 மீட்டர். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் வரும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரியது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798-இல் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது கல் மட்டும்தான். வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1823 வாக்கில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மடத்துக் கல் பக்கத்துக் குதிரை லாயத்துச் சுவரிலும் இருக்கிறதாம்.

சரி, இல்லாததைப் பார்க்கத்தானே வந்தேன்! கம்பத்தில் பொருத்திய ஒரு திரை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பலாம். திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப உள்ளே படமும் திரும்புகிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு தூணின் மிச்சம். திரையிலோ அதே இடத்திலிருந்து தூண் விறுவிறுவென்று மேலே போகிறது, வளைவுக்கு மேல் வளைவு, அதற்கும் மேல் ஜன்னல் வெளிச்சம். தலையைத் தூக்கினால் வெறும் வானம். நான்கைந்து முறை இப்படியே திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னால் காத்திருந்த பாட்டி செருமியபிறகுதான் நகர்ந்தேன்.

இதற்குப் பின்னால் இருப்பது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றாளர் கென்னத் கோனன்ட் 1928-இல் இங்கே தோண்டத் தொடங்கி, பல ஆண்டுகள் அளந்து வரைந்து வைத்தார். மடத்து வளாகத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரி நடக்கிறது. அதன் மாணவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே தேவாலயத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பிப் பார்த்தார்கள். தாங்கள் படிக்கும் இடத்தின் காணாமல்போன பாதியை!

ஒரு குறை. எல்லாம் துடைத்து வைத்தாற்போல இருக்கிறது. மெழுகுவத்திக் கரி இல்லை, ஒரு துறவிகூடத் தும்மவில்லை. எது அளந்து கண்டது, எது ஊகம் என்றும் என் கண்ணுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அப்புறம், சிலுவை வடிவத் தேவாலயத்தில் மிஞ்சியிருக்கும் தெற்குக் கைப் பகுதிக்குள் போனேன். கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், நிஜக் கல். செருப்புச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றதில் நாலு மணி பஸ் போய்விட்டது.