பாலி கரைப்பதில் அவசரம் ஆகாது

கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் போடும் அனயானிக் (எதிர்மின்சுமை கொண்ட) பாலிஅக்ரிலமைடு பொடியை, சுருக்கமாகப் பாலி, முதல்முறை கரைத்தபோது மொத்தமாக அள்ளித் தொட்டியில் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வெளியே வழவழவென்று, உள்ளே காய்ந்த பொடியோடு, முழி முழியாக உருண்டைகள் மிதக்கின்றன. ஃபிஷ் ஐ என்பார்கள். அப்படி உருண்டுவிட்டால் எவ்வளவு கலக்கினாலும் லேசில் கரையாது, போய் பம்ப்பை அடைக்கும். சுழலும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, 0.1 முதல் 0.5 சதவீதத்துக்குள் நிறுத்தி, மெதுவாகச் சுற்றவிட்டு ஒரு மணி நேரம் போல விட்டுவிட வேண்டும்.

சீக்கிரம் கரையட்டும் என்று மிக்சர் வேகத்தை ஏற்றினால் இன்னும் மோசம். இந்தப் பாலிமரின், அதாவது சங்கிலிபோல நீண்ட மூலக்கூறின், பலமே நீளம்தான், மூலக்கூறு எடை ஒரு கோடியைக்கூடத் தாண்டும், அவ்வளவு நீளச் சங்கிலியை வேகமாக அடித்தால் அறுந்துபோகும், கரைசல் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

சங்கிலியில் இருக்கும் எதிர்மின் குழுக்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் நல்ல தண்ணீரில் அது விரிந்து நிற்கும், கரைசலும் கொழகொழவென்று இருக்கும். உப்புத் தண்ணீரிலோ அமிலத்திலோ அதே சங்கிலி சுருண்டுகொள்ளும். கால்சியம் அதிகமுள்ள கடினநீர் இதற்குப் பெரிய எதிரி.

சரி, களிமண் துகளுக்கும் எதிர்மின்சுமை, பாலிமருக்கும் எதிர்மின்சுமை, பிறகு எப்படி ஒட்டும்? அதனால்தான் முதலில் படிகாரம், அது துகளின் எதிர்மின்சுமையை ஈடுகட்டிவிடும். ஜார் டெஸ்டில், அதாவது எவ்வளவு மருந்து தேவை என்று ஜாடிகளில் கலக்கிப் பார்க்கும் சோதனையில், படிகாரம் போட்டதும் குண்டூசித் தலை அளவில் ஃப்ளாக், அதாவது அழுக்குத் துணுக்குகள், வரும், அப்புறம் ஒரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாகப் பாலி விட்டால் அந்தத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பஞ்சுபோலப் பெருத்து, கண்முன்னாலேயே மடமடவென்று அடியில் இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. நன்றாக வேலை செய்கிறதே என்று இரண்டு மடங்கு விட்டால் தண்ணீர் மறுபடி கலங்கும், ஃபில்டர் மணலும் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றிலும், பாசன வாய்க்காலில் மண் அரிக்காமல் இருக்கவும் இதையே போடுகிறார்கள். பாலிமரைவிடக் கவலைப்பட வேண்டியது அதில் சங்கிலியில் சேராமல் மிஞ்சியிருக்கும் அக்ரிலமைடு மோனோமர் (தனி மூலக்கூறு), நரம்பைப் பாதிக்கும் நஞ்சு அது. குடிநீருக்கு என்றால் அந்த அளவு கட்டுப்படுத்தப்பட்ட தரத்தைத்தான் வாங்க வேண்டும்.

தரையில் பொடி சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகாதீர்கள். பெருக்கி எடுங்கள். ஏற்கெனவே நனைந்துவிட்டதென்றால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள், நான் வழுக்கி விழுந்த அன்று இடுப்பு ஒரு வாரம் வலித்தது.